ஜாதிபத்திரி அறையில் கேட்ட ஆசைகள்

கொச்சியில், மட்டாஞ்சேரியை ஒட்டிய கொச்சங்காடியில் தெருவை விட்டு உள்ளடங்கி, உப்பங்கழியான காயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது அந்த ஓட்டுக் கிடங்கு. ஹஸீபா அங்கே பல வருஷம் பில் போடுகிற வேலை பார்த்தவள். முதலாளி ஒரு குஜராத்தி சேட்டு. பிள்ளைகள் யாருக்கும் ஜாதிக்காய் வியாபாரத்தில் நாட்டமில்லாமல் போகவே, ராஜ்கோட்டுக்கே திரும்பிவிடுவதென்று அவர் முடிவெடுத்தார். சாமான் கட்டிக்கொண்டிருந்த நாளில் ஹஸீபாவைப் பார்த்து, "நீ எடுத்துக்கிறியா?" என்று போகிறபோக்கில் கேட்டுவைத்தார். அவர் கேட்டது விளையாட்டுக்கு. அவள் நகையை வைத்து, புருஷன் சஜ்ஜாதைக் கடன் போடவைத்து, நிஜமாகவே எடுத்துக்கொண்டாள்.

கூட வேலை பார்த்தவர்கள் மூன்று பேரும் அப்படியே தங்கினார்கள். ஜாதிக்காயையும் ஜாதிபத்திரியையும் தரம் பிரிக்கிற திரிபுரசுந்தரி, போடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். மூட்டை ஏற்றி இறக்குகிற ஒச்சப்பனுக்கு உசிலம்பட்டி. மலைபோன்ற ஆள், பேச்சு மட்டும் காதோடு காதாக. கணினி முன்னால் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதுகிற ஸாதனா மட்டாஞ்சேரியிலேயே பிறந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவாள், எழுதச் சொன்னால் மலையாளத்தில்தான் வரும். நேற்றுவரை இவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தவள் ஹஸீபா. இப்போது சேட்டின் நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தால் கூச்சமாக இருந்தது. நின்றால் கால் வலித்தது.

ஆடி மாசத்தில் அவள் ஒரு கல்யாணத்துக்காகப் பாலக்காடு போயிருந்தபோது, பெருமழையும், கடல் பொங்குகிற வேலியேற்றமும் கைகோத்துக்கொண்டு வந்தன. கடல் பொங்கினால் மட்டாஞ்சேரி ஓடைகளில் தண்ணீர் வெளியே போகாது, தெருவுக்குத்தான் வரும். தகவல் தெரிந்து அவள் பதறியடித்துத் திரும்பியபோது கிடங்குக்குள் முழங்கால் அளவு சேறு. சரக்கு முழுவதும் பரண்மேல் இருந்தது. ஒரு மூட்டைகூட நனையவில்லை. மூன்று பேரும் மரப்படியில் வரிசையாக உட்கார்ந்து பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி வந்துச்சு, போயிருச்சு," என்றான் ஒச்சப்பன். அவ்வளவுதான் சொன்னான்.

அன்றிலிருந்து ஹஸீபாவின் நெஞ்சில் ஒரு நினைப்பு ஊறிக்கொண்டே இருந்தது. ஓணத்துக்குக் கொடுக்க வேண்டிய போனஸை ஓணத்தில் கொடுத்தாயிற்று. அது முறை. வருஷக் கடைசிக்கு வேறு ஏதாவது செய்ய வேண்டும். வாங்குகிறவருக்கு, 'இது எனக்கென்றே வந்தது' என்று தோன்ற வேண்டும்.

டிசம்பர் பிறந்தது. தெருவெங்கும் காகித நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்தன. ஒரு சாயங்காலம் சஜ்ஜாத் தான் வேலை பார்க்கிற காக்கநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே ஒரு காபிக் கோப்பை, வாசனை மெழுகுவர்த்தி, பிளம் கேக், 'நீங்களே எங்கள் பலம்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட அட்டை. கோப்பையில் 'சாஜித்' என்று பேர் போட்டிருந்தது.

"இது உங்க பேரில்லையே," என்றாள் ஹஸீபா.

"நாலாயிரம் பேர்ல ஒரு எழுத்து அப்படி இப்படி ஆகும். நீயும் இதுமாதிரி மூணு பெட்டி வாங்கிக் கொடுத்துடு. வேலை முடிஞ்சது."

"எனக்கு மூணே பேர்தாங்க. எழுத்து மாறக்கூடாது."

"அப்போ அவங்களையே கேளேன், என்ன வேணும்னு."

"கேட்டா சொல்ல மாட்டாங்க. நீங்க கொடுக்கிறது எதுவானாலும் சந்தோஷம்பாங்க. நானும் சேட்டுக்கிட்ட அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்."

சஜ்ஜாத் சிரித்துவிட்டுக் கேக்கை வெட்டினான். அவள் அன்று வெகுநேரம் சாப்பிடாமல் அந்தக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவளுக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது. ஹாம்பர்க்குக்கு ஒரு சரக்கு போக வேண்டியிருந்ததால் வீட்டில் படுக்க முடியவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். மதியச் சோற்றுக்குப் பிறகு தலை நிற்கவில்லை. "கொஞ்ச நேரம் சாஞ்சுக்கறேன்," என்று சொல்லி, தரம் பிரிக்கிற அறையில் காலிச் சாக்குகளை அடுக்கியிருந்த மூலையில் போய்ப் படுத்தாள்.

அந்த அறையில் ஜாதிபத்திரியைப் பாயில் பரப்பியிருந்தார்கள். ஜாதிக்காயின்மேல் வலைபோலப் பற்றிக்கொண்டிருக்கும் செந்தோல்தான் ஜாதிபத்திரி. காயக்காயச் சிவப்பு மங்கிக் காவியாகும். வாசனை மட்டும் கனத்துக்கொண்டே போகும். இனிப்பும் காரமுமாக அது அறைக்குள் நிறைந்து நிற்கும்போது, புதிதாக வருகிறவர்கள் அரை மணியில் கொட்டாவி விடுவார்கள். காய்ச்சல்காரிக்குக் கேட்க வேண்டுமா? கூரைக் கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கிய வெயில் தூணில் தூசு மிதந்தது. ஹஸீபா அதையே பார்த்தாள். ஒரு கட்டத்தில் தூசு நின்று, தான் மிதப்பதுபோல இருந்தது. காயலில் ஏதோ படகு போகிற 'தடதட' சத்தம் தன் மார்புக்குள்ளிருந்தே வருவதாகத் தோன்றியது.

அப்போதுதான் பேச்சுக் குரல் கேட்டது. தண்ணீருக்கு அடியில் இருந்துகொண்டு கரையில் பேசுகிறவர்களைக் கேட்பதுபோல, சொல் தெளிவாக வந்தது. குரல் யாருடையது என்று பிடிபடவில்லை.

"வருஷக் கடைசிக்கு என்ன வேணும்?" என்று ஒரு குரல் கேட்டது.

"கடலுக்குள்ள போகணும். கொஞ்ச தூரம் போனாப் போதும். அங்க நின்னு இந்தக் கரையைத் திரும்பிப் பார்க்கணும்."

"அப்புறம்?"

"ஆளுயரக் கண்ணாடி. உச்சியிலேர்ந்து பாதம்வரைக்கும் ஒரே பார்வையில தெரியணும். வீட்டுக் கண்ணாடியில கழுத்துக்குக் கீழ எதுவும் இல்ல."

யாரோ கிளுகிளுவென்று சிரித்தார்கள். "அப்புறம்?"

"தூங்கணும். நல்ல ஓட்டல்ல ஒரு ரூம். யாரும் எழுப்பக்கூடாது. சாயா மட்டும் கதவுக்கு வெளியே வந்து காத்து நிக்கணும்."

மறுபடியும் சிரிப்பு. பிறகு "உஸ்" என்றது ஒரு குரல். அதற்குமேல் ஹஸீபாவுக்கு எதுவும் கேட்கவில்லை.

கண் விழித்தபோது வெயில் தூண் சுவரில் ஏறியிருந்தது. காய்ச்சல் விட்டு உடம்பெல்லாம் வேர்வை. திரிபுரசுந்தரி பாய்முன் குனிந்து உட்கார்ந்து பத்திரியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் இல்லை. ஹஸீபாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது! மூன்று பேர், மூன்று ஆசை. எது யாருடையது என்பதைக் கண்டுபிடிப்பது மட்டுமே பாக்கி.

அதொன்றும் பெரிய காரியமாக அவளுக்குத் தோன்றவில்லை. கல்யாணப் பேச்சு நடக்கிற பெண் ஸாதனா, கண்ணாடி அவளுக்குத்தான். நாலு மணிக்கே எழுந்து இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டுவிட்டு வேலைக்கு வருகிற சுந்தரியக்காவைத் தவிர வேறு யார் தூக்கத்துக்கு ஏங்குவார்கள்? மிச்சம் கடல். பாவம் ஒச்சப்பண்ணன், நாள் முழுக்கத் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூட்டை சுமக்கிற மனுஷர். அவர் மனசுக்குள் இப்படி ஒரு ஆசை இருக்குமென்று யார் நினைத்தார்கள்!

கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள், கிடங்கின் முன்னறையில் மூன்று பேரையும் கூப்பிட்டு நிறுத்தினாள். முதலில் ஆளுக்கொரு கவர். அது ஒரு மாசச் சம்பளம். அதில் பேச்சுக்கு ஒன்றுமில்லை. வாங்கிக்கொண்டு நகரப் போனவர்களை, "நில்லுங்க, இன்னும் இருக்கு," என்றாள்.

"ஸாதனா, உனக்கு ஒரு கண்ணாடி. ஆளுயரம். ஜூ டவுன்ல பழைய சாமான் கடையில பார்த்து வச்சிருக்கேன். தேக்குச் சட்டம்."

ஸாதனாவின் வாய் திறந்தபடி நின்றது. திரும்பி சுந்தரியைப் பார்த்தாள்.

"சுந்தரிக்கா, உங்களுக்கு ஃபோர்ட் கொச்சியில ஓட்டல் ரூம். நாளைக்கு மத்தியானம் போனா மறுநாள் மத்தியானம்தான் வெளியே வரணும். தூங்குங்க. யாரும் எழுப்ப மாட்டாங்க."

சுந்தரி ஏதோ சொல்ல வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் கோத்ததை ஹஸீபா பார்த்தாள். சந்தோஷத்தில் என்று எடுத்துக்கொண்டாள்.

"ஒச்சப்பண்ணே, வருஷத்தோட கடைசி நாள் சாயங்காலம் நீங்க கடலுக்குப் போறீங்க. படகு பேசியாச்சு."

"கடலுக்கா?" ஒச்சப்பனின் மீசை நடுங்கியது. "நானா?"

"நீங்கதான்."

சுந்தரி அவனுடைய முழங்கையைப் பின்னாலிருந்து கிள்ளியது ஹஸீபாவுக்குத் தெரியாது. "சரித்தா," என்றான் கடைசியில், தூக்குத் தண்டனையை ஒப்புக்கொண்டவன்போல.

"அண்ணனைத் தனியா அனுப்ப முடியாது, நாங்களும் போவோம்," என்றாள் சுந்தரி. "நீங்களும் வரணும்."

"நான் எதுக்குக்கா? முதலாளி கூட இருந்தா நீங்க சிரிக்கக்கூட யோசிப்பீங்க."

"நீங்க வரலைன்னா நாங்க யாரும் படகுல கால வைக்க மாட்டோம். பார்த்துக்கங்க."

அன்று மதியம் கண்ணாடியைக் கொண்டுவரப் போனார்கள். வண்டியில் வைத்தால் உடையும் என்று ஒச்சப்பன் முதுகிலேயே சாய்த்துக் கட்டிக்கொண்டான். யூதர்களின் பழைய தெருவான ஜூ டவுனில் அவன் நடக்க, பின்னால் வந்த ஹஸீபாவின் கண்ணுக்கு அவன் முதுகில் வானம் நடந்தது. மேகம், மின்கம்பி, மஞ்சள் சுவர், ஒரு காகித நட்சத்திரம், மாடி ஜன்னலில் காயும் போர்வை எல்லாம் அவனோடு அசைந்து அசைந்து போயின. மசாலாக் கடை வாசலில் நின்ற ஆடு ஒன்று தன்னைப் போலவே இன்னொரு ஆடு வருவதைப் பார்த்துத் தெருமுனைவரை கூடவே நடந்தது. வெள்ளைக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். ஹஸீபா தெரிந்த தெருவில்தான் நடந்தாள். ஆனால் அன்று அந்தத் தெரு அவளுக்கு எங்கோ கேள்விப்பட்ட ஊர்த் தெருவாக இருந்தது.

ஸாதனா குடியிருந்த மாடிக்கு ஏறுகிற படிக்கட்டு ஒருவர் ஒருக்களித்து ஏறுகிற அகலம். கண்ணாடியை நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். அது திரும்பவே மாட்டேனென்றது. கடைசியில் கிடங்குக்கே கொண்டுவந்து நடைச் சுவரில் சாய்த்தார்கள்.

"முதல்ல நீங்க பாருங்க இத்தா," என்று, ஹஸீபாவை அக்கா முறையில் இத்தா என்றே கூப்பிடுகிற ஸாதனா அவள் தோளைப் பிடித்துக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள்.

"உன்னோடது மோளே. நீ பாரு."

"நான் அப்புறமாப் பார்க்குறேன். சத்தியமாயிட்டும்."

ஹஸீபா பார்த்தாள். ரசம் போய் ஓரத்தில் புள்ளி புள்ளியாகப் பூத்திருந்த கண்ணாடி. அதற்குள் ஒரு பெண் உச்சியிலிருந்து பாதம்வரை நின்றாள். ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது; வருஷக்கணக்காகப் பை மாட்டிய தோள். சுடிதார் விளிம்பில் ஜாதிபத்திரித் தூள். நின்ற நிலை மட்டும் அவள் நினைத்திருந்ததுபோல இல்லை. பில் போடுகிறவளின் நிலை அல்ல அது. 'இவள் யார், இவ்வளவு நிமிர்ந்து நிற்கிறாள்?' என்று நினைத்தாள். எவ்வளவு நேரம் நின்றாளோ! திரும்பியபோது நடையில் யாரும் இல்லை. மூன்று பேரும் ஆளுக்கொரு வேலையாக நழுவியிருந்தார்கள்.

மறுநாள் சுந்தரியை ஓட்டலில் கொண்டுபோய் விட ஹஸீபாவே போக வேண்டியதாயிற்று. "எனக்கு அந்த ரிசப்ஷன்ல பேசல்லாம் வராது," என்று சுந்தரி பிடிவாதம் பிடித்தாள். பழைய மரக்கட்டடம். அறையில் வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், உயரமான உத்தரம், வெளியே தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் ஆடுகிற பால்கனி. சுந்தரி மெத்தையில் உட்கார்ந்து அழுத்திப் பார்த்தாள்.

"இதுல எப்படிப் படுக்கிறது? உள்ள போயிரும்போல இருக்கே. நீங்க ஒருதரம் படுத்துக் காட்டுங்க."

"என்னக்கா சின்னப் பிள்ளை மாதிரி!"

"படுத்துக் காட்டுங்களேன்."

காட்டுவதற்காகத்தான் ஹஸீபா படுத்தாள். தலையணையில் சோப்பு வாசனை வந்தது. மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. "இப்படித்தான், கைய இப்படி வச்சுக்கிட்டு..." என்று சொல்ல ஆரம்பித்தது நினைவிருக்கிறது. அதன்பிறகு ஒரு பெரிய வெள்ளைப் படகு, அதில் துடுப்பும் இல்லை ஆளும் இல்லை, அவளை ஏற்றிக்கொண்டு சுவர்களைக் கடந்து போயிற்று. எந்தக் கரையிலும் அது நிற்கவில்லை. யாரும் அவள் பெயரைக் கூப்பிடவில்லை.

எழுந்தபோது விளக்கு வைக்கிற நேரம். சுந்தரி பால்கனி நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களைப் பார்த்தபடி கடலை தின்றுகொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே ஒரு தட்டில் சாயா மூடிவைத்திருந்தது.

"யா அல்லாஹ்! என்னை ஏன்க்கா எழுப்பல? உங்க நேரத்தை நான் தூங்கித் தீர்த்துட்டேனே!"

"எனக்குப் பகல்ல தூக்கம் வராது. உங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். சாயாவைக் குடிங்க, ஆறிடப் போவுது," என்றாள் சுந்தரி, எழுந்திருக்காமலே.

ஹஸீபா வெட்கத்தோடு குடித்துவிட்டு ஓட்டமாக ஓடினாள். வழியெல்லாம் உடம்பு பஞ்சாக இருந்தது. மனசு மட்டும் உறுத்தியது. அடுத்தவருக்குக் கொடுத்ததில் கைவைத்துவிட்டோமே என்று.

வருஷத்தின் கடைசி நாள் வந்தது. ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்ஞி என்கிற கிழவர் பொம்மையை எரித்துப் புது வருஷம் கொண்டாட ஊரே அந்தப் பக்கம் திரண்டுகொண்டிருந்தது. இவர்கள் மட்டாஞ்சேரி படகுத்துறையில் யூசுப்பின் படகில் ஏறினார்கள். யூசுப் முன்பு மீன்பிடித்தவர், இப்போது சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போகிறவர். மிதவைச் சட்டை ஒச்சப்பனின் மார்புக்குப் பத்தவில்லை. இரண்டு சட்டைகளை இரண்டு கைகளில் கோத்துக்கொண்டு, படகின் நட்டநடுவில் பலகையை இறுகப் பற்றி உட்கார்ந்தான்.

"பேடிக்கண்டா சேட்டா, நான் இருக்கேன்ல," என்றார் யூசுப்.

"பயமில்ல," என்றான் ஒச்சப்பன் கண்ணை மூடியபடி.

படகு காயலில் வழுக்கிக்கொண்டு போனது. கிடங்குகளின் பின்பக்கங்கள், பாசி படிந்த படிகள், சீன வலைகள், எதிரே வைப்பின் தீவின் கரை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. அழிமுகத்தில் காயல் கடலோடு சேருகிற இடத்தில் தண்ணீரின் நிறம் மாறியது. படகும் மூச்சை இழுத்து விடுவதுபோல ஒருமுறை ஏறி இறங்கியது. ஒச்சப்பன் "ஆத்தா!" என்றான். பக்கத்திலேயே இரண்டு டால்பின்களின் முதுகு சாம்பல் நிறத்தில் எழுந்து, சத்தமின்றி மறைந்தது.

யூசுப் என்ஜினை நிறுத்தினார். திடீரென்று அவ்வளவு அமைதி. படகு தன்பாட்டுக்கு ஆடியது. ஹஸீபா திரும்பிப் பார்த்தாள். சூரியன் பின்னால் இறங்கிக்கொண்டிருக்க, கரை முழுவதும் ஒரு கோடாகப் பொன்னில் கிடந்தது. அவள் பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது, பில் போட்டது, கடன்பட்டது எல்லாம் அந்தக் கோட்டில் ஒரு விரற்கடைக்குள் அடங்கிவிட்டது. தூக்க முடியாது என்று நினைத்த ஒன்றை யாரோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டியதுபோல இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை.

"நல்லாருக்கா?" என்று சுந்தரி கேட்டாள்.

"என்னை ஏன் கேக்குறீங்க? ஒச்சப்பண்ணனைக் கேளுங்க. அவர் ஆசைப்பட்டது."

ஒச்சப்பன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "நான் எப்பத்தா ஆசைப்பட்டேன்? எங்கூருல கெணத்த எட்டிப் பார்த்தாலே எனக்குத் தல சுத்தும்."

ஹஸீபா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அன்னைக்கு... நான் பத்திரி அறையில படுத்திருந்தப்போ பேசிக்கிட்டீங்களே. கடல், கண்ணாடி, ஓட்டல் ரூம்... நான் கேட்டேன்."

ஸாதனா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சுந்தரிதான் சொன்னாள்: "நாங்க பேசல. நீங்கதான் பேசினீங்க."

"நானா?"

"காய்ச்சல்ல என்னவோ முனகினீங்க. இந்தப் பொண்ணு விளையாட்டுக்கு, 'வருஷக் கடைசிக்கு உங்களுக்கு என்ன வேணும்'னு காதுகிட்ட கேட்டா. நீங்க கண்ணை மூடிக்கிட்டே ஒவ்வொண்ணாச் சொன்னீங்க. நாங்க சிரிச்சோம். அப்புறம் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, இவளை உஸ்ஸுன்னு அடக்கிட்டேன்."

"அப்போ, அன்னைக்கு நான் கொடுத்தப்பவே சொல்லியிருக்கலாமே!"

"எப்படி இத்தா சொல்றது?" என்றாள் ஸாதனா. "நீங்க உங்க ஆசை மொத்தத்தையும் எடுத்து எங்களுக்குப் பங்கு வச்சுக் கொடுக்கிறீங்க, உங்களுக்கே தெரியாம. வேண்டாம்னா உங்க முகம் எப்படி ஆகும்? வாங்கி உங்களுக்கே திருப்பிக் கொடுத்திடலாம்னு சுந்தரிச் சேச்சிதான் சொன்னாங்க."

ஹஸீபாவுக்குக் கண்ணாடி முன்னால் தனியாக விடப்பட்டதும், கட்டிலில் படுத்துக் காட்டச் சொன்னதும், 'நீங்க வரலைன்னா படகுல கால வைக்க மாட்டோம்' என்றதும் ஒவ்வொன்றாகப் புரிந்தது. சேட்டிடம் வேலை பார்த்த காலம் முழுவதும் தனக்கு என்ன வேண்டும் என்று அவள் யோசித்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. கேட்டவள் ஸாதனா. அதுவும் தூக்கத்தில் கேட்டதால்தான் பதில் வந்திருக்கிறது. அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள். யூசுப்புக்கு ஒன்றும் விளங்காமல் அவரும் சேர்ந்து சிரித்தார்.

"சரி," என்றாள் கடைசியில். "என்னோடது எனக்கு வந்து சேர்ந்தாச்சு. இப்போ முழிச்சுக்கிட்டுக் கேக்குறேன். உங்களுக்கு என்ன வேணும்? எதுவானாலும் சந்தோஷம்னு மட்டும் சொல்லாதீங்க."

"எனக்குக் காசுதான் இத்தா வேண்டியிருந்தது," என்றாள் ஸாதனா, முகம் சிவந்து. "அது அன்னைக்கே வந்தாச்சு. வண்டிக்கு அட்வான்ஸும் கொடுத்தாச்சு. ஸ்கூட்டர்."

"அண்ணே?"

ஒச்சப்பன் கையை மட்டும் ஆட்டினான். அவன் அப்போது வாயைத் திறக்கிற நிலையில் இல்லை. படகின் ஓரத்துக்குக் குனிந்து, மதியம் தின்ற கப்பைக்கிழங்கைக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஸாதனா அவன் முதுகைத் தடவிவிட்டாள்.

சுந்தரி தயங்கினாள். "சொன்னா செய்வீங்களா?"

"சொல்லுங்கக்கா."

"பத்திரி அறையில காயல் பக்கம் ஒரு ஜன்னல் இருக்குதுல்ல. ஆணி அடிச்சு வச்சிருக்கு. சரக்கு திருடு போகும்னு சேட்டு அடிச்சது. நீங்க எப்பவும் முன்னறையில இருந்தீங்க, உங்களுக்குத் தெரியாது. மத்தியானத்துல அந்த நெடியும் புழுக்கமும் சேர்ந்து மூச்சு முட்டும். தூக்கம் தூக்கமா வரும், வேலை ஓடாது. ஒரு நாளைக்கு எழுந்து எழுந்து எத்தனை தடவ முகம் கழுவுறேன்னு எனக்குத்தான் தெரியும். அந்த ஜன்னலைத் திறந்துவிடுங்க. காயல் காத்து வரட்டும். அவ்வளவுதான்."

ஹஸீபா அத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறாள். அந்த அறையில் அன்று படுத்தபோது, மயக்கம் இன்பமாக இருந்தது என்று நினைத்தவள் அவள்தான்.

"நாளைக்கே திறப்போம்," என்றாள்.

"நாளைக்கு லீவு," என்று ஒச்சப்பன் குனிந்தபடியே முனகினான்.

எல்லோரும் சிரித்தார்கள். யூசுப் என்ஜினைப் போட்டார். கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. படகு அவற்றை நோக்கித் திரும்பியது.

ஜனவரி இரண்டாம் தேதி காலையில் ஒச்சப்பன் கடப்பாரையோடு வந்தான். துருவேறிய ஆணிகள் சுலபத்தில் விடவில்லை. ஒன்றைப் பிடுங்கும்போது, யாரையும் பார்க்காமல், "எனக்கும் ஒண்ணு இருக்குத்தா," என்றான். "ஞாயித்துக்கெழம லோடு வராம பார்த்துக்கிட்டா நல்லது. பரேட் மைதானத்துல பந்தாட்டம் நடக்கும். முழு ஆட்டமாப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

"ஞாயித்துக்கிழமை கேட்டையே திறக்க வேண்டாம் அண்ணே."

கடைசி ஆணி விழுந்ததும் ஜன்னல் கதவு ஒரு முனகலோடு வெளிப்பக்கம் திறந்தது. முதலில் வெளிச்சம் வந்தது. பின்னால் காயல் காற்று ஒரே வீச்சாக உள்ளே பாய்ந்தது. பாயில் பரப்பியிருந்த ஜாதிபத்திரியை மூடி வைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. காய்ந்து சருகாகியிருந்த சிவப்பு இதழ்கள் அப்படியே எழும்பி, அறை முழுக்கச் சுழன்று, தலையிலும் தோளிலும் உத்தரத்திலும் போய் விழுந்தன. சுந்தரி, "அய்யய்யோ முதல் தரம் போச்சே!" என்று கத்திக்கொண்டு முந்தானையை விரித்துப் பிடித்தாள். ஸாதனா சிரித்துக்கொண்டே கையால் பிடிக்கப் பார்த்தாள். ஒச்சப்பன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு வாய் பார்த்து நின்றான். ஹஸீபா தரையில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.

பொறுக்கி முடிக்க மத்தியானமாயிற்று. சாயங்காலம் தச்சரை வரவழைத்து ஜன்னலுக்கு மெல்லிய கம்பிவலை அடிக்கச் சொன்னாள். காற்று வரும், சரக்கு பறக்காது. சுந்தரி தன் பாயை இழுத்து ஜன்னலுக்கு நேராகப் போட்டுக்கொண்டு, தண்ணீரைப் பார்த்த முகமாக வேலைக்கு உட்கார்ந்தாள்.